மயில்துத்தம் மிக உத்தமம்

சுலோசனா எதையும் லேசில் நம்ப மாட்டாள். பால் வாங்கினால் விரலை விட்டுப் பார்ப்பாள். நாட்காட்டியில் அமாவாசை என்று போட்டிருந்தாலும் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்வாள். குவைத்திலிருந்து கணவன் கோவர்த்தனன் முதன்முதலாகப் போன் செய்தபோது, அவனுடைய மாமியார் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அழுதாள்.

ஆந்திராவில் நகரிக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிற மேல்தாங்கல் காலனியில் அவர்கள் வீடு. அவளுடைய அப்பன் காலம் முழுக்க ஊரான் தோப்பில் கூலி. இவள் தலைமுறையில்தான் அரசாங்கம் கொடுத்த நிலத்துண்டு ஒன்று கைக்கு வந்தது. அதில் தண்ணீர் இல்லை. கோவர்த்தனன் ஒரு அரபியின் வீட்டில் கார் ஓட்டப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. இடையில் ஒரு தடவை வந்தான். வந்தபோது அந்த நிலத்தில் இரண்டாயிரம் கோழிக்கு ஒரு ஷெட்டைப் போட்டுவிட்டு, "ரெண்டு பேட்ச் நல்லா எடுத்துட்டேன்னு வெச்சுக்கோ, நான் அரபிக்கு ஒரு கும்புடு போட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

முதல் பேட்ச் நன்றாக வந்தது. இரண்டாவது பேட்ச் குஞ்சு இறங்கிய வாரம், சித்தூர்த் தீவன மில்லிலிருந்து முரளி என்கிற ஏஜெண்டு மோட்டார் சைக்கிளில் வந்தான். தொண்ணூறுக்குப் பிறகு பிறந்த தொழில்களில் அவனுடையது ஒன்று. கழுத்தில் டை, காலில் ரப்பர் செருப்பு. நாடு திறந்துவிட்டது, அமெரிக்காக் கோழி தின்பதை இனி மேல்தாங்கல் கோழியும் தின்னலாம் என்றான். தீவனத்தின் பெயர் 'மகா சத்து'. மற்றத் தீவனங்களில் சிட்டிகை அளவு இருக்கும் தாதுக்கள் இதில் வாரி வாரிப் போடப்பட்டிருப்பதாகச் சொன்னான். சுலோசனா வழக்கம்போல மூட்டையை முகர்ந்தாள், ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்தாள். அப்போது மூட்டையின் மேல் இருந்த வட்ட முத்திரை கண்ணில் பட்டது. திருப்பதியில் இருக்கும் மண்டலத் தீவனத் தர நிலையத்தின் முத்திரை. நடுவில் சிங்கம் மாதிரி ஒன்று. கீழே தெலுங்கில், 'மிக உத்தமம்'.

வாழ்க்கையில் முதல்முறையாக அவள் ஒன்றைச் சோதிக்காமல் நம்பினாள். அது அரசாங்க முத்திரை. அந்தப் பேட்ச் முழுவதற்குமான மூட்டைகளும் ஷெட்டுக்கு வந்து இறங்கின.

பதினெட்டாம் நாள் கோழிகள் தீவனத் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கின. எச்சம் கரும்பச்சையாகப் போனது. உமிப் படுக்கை ஈரமாகி நாறியது. இருபதாம் நாள் காலையில் பதினொரு கோழி செத்துக் கிடந்தன. சுலோசனா ஒன்றை அறுத்தாள். கோழிக்குப் பல் கிடையாது. தின்றதையெல்லாம் அரைப்பது அதன் அரைவைப்பைதான். நல்ல கோழியில் அந்தப் பையைப் பிளந்தால் உள்ளே மஞ்சள் தோல் வழவழவென்று இருக்கும், நகத்தால் கிள்ளி இழுத்தால் முழுசாக உரிந்து வரும். இதில் தோல் வேப்பம்பட்டைபோல வெடித்துக் கறுத்திருந்தது. விரல் பட்ட இடத்தில் புண். அதற்குக் கீழே குடல் நனைந்த காகிதம் மாதிரி பிய்ந்தது.

அவள் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் தண்ணீர் விட்டு, ஒரு பிடி மகா சத்தைப் போட்டுக் காத்திருந்தாள். தண்ணீர் நீலமானது. அந்த நீலம் அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் எலுமிச்சைத் தோப்பில் கூலிக்கு மருந்தடித்த காலத்தில் கை கால் எல்லாம் அந்த நீலம்தான். மயில்துத்தம், தாமிர உப்பு. மருந்தடித்து முடித்தால் கை கழுவாமல் சோறு தின்னக் கூடாது என்று மேஸ்திரி தினமும் கத்துவார்.

முரளி வந்து தட்டைப் பார்த்தான். அது தாமிரச் சத்தின் நிறம், ஊட்டம் அதிகம் என்பதற்கு அடையாளம் என்றான். மூட்டைகளை மாற்றித் தரச் சொன்னாள். மாற்றலாம், ஆனால் தீவனம் கெட்டது என்று நிலையத்தின் பேப்பர் வேண்டும், மில்லில் அதுதான் ரூல் என்றான்.

அவளால் முடிந்தது ஒன்றுதான். முப்பது கோழியைப் பிரித்து, ஷெட்டின் ஓரத்தில் வலையடித்துத் தனியாக விட்டாள். புத்தூர்ச் சந்தையில் மக்காச்சோளமும் வேர்க்கடலைப் பிண்ணாக்கும் வாங்கி இடித்துப் போட்டாள். ஆறே நாளில் முப்பதும் கொண்டை சிவந்து தட்டைக் கொத்தின. மீதி கோழிகளுக்கும் சோளம் வாங்க அவளிடம் வழியில்லை. மகா சத்தோடு கிடைத்த நொய்யையும் தவிட்டையும் கலந்து போட்டுக்கொண்டு, தினமும் காலையில் செத்ததைப் பொறுக்கினாள். பிறகு ஒரு பையில் தீவனத்தையும், இன்னொரு பையில் அன்று செத்த ஒரு கோழியையும் எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் பஸ் ஏறினாள்.

மண்டலத் தீவனத் தர நிலையம் சந்திரகிரி ரோட்டில் இருந்தது. வாசலில் கங்கையா என்கிற காவலாளி. தீவனம் உள்ளே போகலாம், கோழி போகக் கூடாது என்றார். இது தீவனத்துக்கான ஆபீஸ், கோழிக்கான ஆபீஸ் வேறு. ஆனால் வந்தவர்கள் யாராக இருந்தாலும் வருகைப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும் என்பதும் விதி. கங்கையா விதியை மீறாதவர். கோழிக்கும் ஒரு வரி எழுதினார். பெயர்: கோழி. ஊர்: மேல்தாங்கல். யாரைப் பார்க்க: டெபுடி சார். காரணம்: மரணம். பிறகு பையை வாங்கித் தன் நாற்காலியின் கீழே வைத்துக்கொண்டு அவளுக்கு ஒரு டோக்கன் கொடுத்தார்.

டெபுடி டைரக்டர் கோபிகிருஷ்ணன் பொறுமையாகக் கேட்டார். பொறுமையாகக் கேட்பவர்கள் மேல் சுலோசனாவுக்கு எப்போதும் சந்தேகம். அவர் பின்னால் சுவரில் ஒரு பெரிய கோழிப் படம் மாட்டியிருந்தது. அதில் குடல் இருக்க வேண்டிய இடத்தில் நிலையத்தின் சின்னம் ஒட்டியிருந்தது.

கோழியின் குடல் வெந்துபோயிருக்கிறது, வெளியே காவலாளியிடம் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று அவள் கூப்பிட்டாள்.

"சூடம்மா... பாரும்மா" என்று தெலுங்கில் ஆரம்பித்து அவர் தமிழுக்கு வந்தார். "தீவனம் மூட்டையில இருக்கற வரைக்கும்தான் எங்களுது. அலகுக்குள்ள போயிடுச்சுன்னா கால்நடைத் துறை. பின்னாடி வந்து விழுந்துடுச்சுன்னா எரு, அது விவசாயத் துறை."

"நடுவுல, குடல்ல இருக்கறப்போ யாருது சார்?"

இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"அப்போ அது பிரயாணத்துல இருக்குது" என்றார்.

தீவனத்தை மட்டும் சோதிக்க வாங்கிக்கொண்டார்கள். அவள் வெளியே வந்து டோக்கனைக் கொடுத்தாள். பையைத் திருப்பிக் கொடுத்த கங்கையா, பதிவேட்டில் கோழி வெளியேறிய நேரத்தையும் குறித்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட் வாங்கப் போனாள். அதற்குள் ஷெட்டில் கால்வாசி காலி. ரிப்போர்ட்டைக் கொடுத்தவள் பத்மினி. சூளூர்பேட்டைக்காரி, அந்த நிலையத்தில் உண்மையிலேயே சோதனைக் குழாயைக் கையில் பிடிக்கிற ஒரே ஆள். தாளில் தாமிரம் என்று போட்டு, இருக்க வேண்டிய குறைந்தபட்சம் பத்து என்றும், இருப்பது எழுநூற்று நாற்பது என்றும் எழுதியிருந்தது. எதிரே முத்திரை: மிக உத்தமம். துத்தநாகமும் அப்படியே. ஓரத்தில் மட்டும் பேனாவால் சின்னதாக ஒரு வார்த்தை: 'அதிகம்'.

"இது இன்னாம்மா, ஒருபக்கம் உத்தமம், ஒருபக்கம் அதிகம்?" என்று சுலோசனா கேட்டாள்.

பத்மினி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி விளக்கினாள். தாமிரமும் துத்தநாகமும் கோழிக்குத் துளி வேண்டும். துளிக்கு மேல் போனால் அதே பொருள் அரைவைப்பையை அரித்து, குடலின் உள்தோலைப் பொசுக்கிவிடும். அப்புறம் தின்பது எதுவும் உடம்பில் ஒட்டாது. ஆனால் நிலையத்தின் படிவத்தில் 'குறைந்தபட்சம்' என்கிற கட்டம் மட்டும்தான் உண்டு. அதைத் தாண்டினால் உத்தமம். எவ்வளவுக்கெவ்வளவு தாண்டுகிறதோ அவ்வளவுக்கவ்வளவு மிக உத்தமம். மில்காரர்களுக்கு இது தெரிந்துபோனதால் முத்திரைக்காகவே மண்வெட்டியால் அள்ளிப் போடுகிறார்கள்.

"அதிகம்னு போட கட்டமே கெடையாது அக்கா" என்றாள். "நான் ஓரத்துல எழுதினது எங்க சாருக்குத் தெரியாது."

சுலோசனா அவளையும் ஒரு நிமிடம் சந்தேகமாகத்தான் பார்த்தாள். பிறகு முப்பது கோழியைப் பிரித்துச் சோளம் போட்ட கதையைச் சொன்னாள். அதுவரை அதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. பத்மினியின் முகம் மலர்ந்தது. நாங்கள் செய்ய வேண்டிய வேலை அது என்றாள்.

அந்தத் தாளோடு சுலோசனா மறுபடி டெபுடியின் அறைக்குள் போனாள். எழுநூற்று நாற்பதைக் காட்டி, இது விஷம் இல்லையா என்று கேட்டாள். கோபிகிருஷ்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் மேடைகளில் பேசிப் பழகியவர்.

"சுதந்திரம் வந்த நாளா இந்த தேசத்துக்கு ஒரே வியாதி, பற்றாக்குறை. அரிசி பத்தாது, கெரசின் பத்தாது, சிமெண்டுக்கு க்யூ, போனுக்கு எட்டு வருஷம். இப்பதான் முதல்முதலா ஒரு பொருள்ல நாம அதிகத்தைப் பார்த்திருக்கோம். வெளிநாட்டுக்காரன் வந்து பார்த்தா அசந்து போவான். நீ என்னன்னா அதிகமா இருக்குதுன்னு அர்ஜி கொண்டாந்து குடுக்கற. குறைஞ்சிருந்தா சொல்லு, நாளைக்கே நோட்டீஸ் விடறேன். அதிகத்துக்கு நோட்டீஸ் விட்டா என்னை யாரு மதிப்பான்?"

பேசி முடித்ததும் அவருக்கே கண் கலங்கிவிட்டது. ஆனாலும் புகார் என்று வந்துவிட்டதால் விசாரணைக் கமிட்டி வரும் என்று சொல்லி அனுப்பினார்.

கமிட்டி ஒரு ஜீப்பில் வந்தது. கோபிகிருஷ்ணனும் இரண்டு அதிகாரிகளும் இறங்கினார்கள். வண்டியை ஓட்டி வந்தது முரளி. நிலையத்தின் ஜீப் பழுது, மில்காரர்கள் பெரிய மனசு பண்ணிக் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்காமலே டெபுடி விளக்கினார். ஷெட் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். உள்ளே போகவில்லை. தாமிரம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் கமிட்டியின் நோக்கம். அதனால் வீட்டுக்குள் போனார்கள். காலனிக் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், கரண்டுக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார்கள். கடைசியில் பரணில் ஒரு செப்புக்குடம் அகப்பட்டது.

"இந்தக் கொடத்துத் தண்ணியைக் கோழிக்கு ஊத்துனியா?" என்றார் டெபுடி.

"அது கண்ணாலத்துக்கு எங்க நைனா குடுத்தது சார். பொங்கலுக்கு மட்டும் எறக்குவோம்."

"பொங்கலுக்குக் கோழிக்கு ஊத்துனியா?"

பொங்கல் அன்றைக்கு இந்தக் கோழிகள் முட்டைக்குள்ளேகூட வரவில்லை என்று அவள் சொன்னாள். அது குறிக்கப்படவில்லை. குடம் துணியில் கட்டி, அரக்கு முத்திரை வைத்து ஜீப்பில் ஏற்றப்பட்டது. அவள் வலையைத் திறந்து முப்பது கோழிகளையும் காட்டினாள். அந்தப் பக்கம் செத்துக்கொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் சோளம் தின்று கூவுகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றாள். ஒரு அதிகாரி அதிர்ச்சியடைந்தார். உத்தமமான தீவனம் வீட்டில் இருக்கும்போது அதைக் கொடுக்காமல் சாதாரணச் சோளத்தைப் போட்டு முப்பது உயிர்களை ஏமாற்றியிருக்கிறாள், இது அனுமதி இல்லாத ஆராய்ச்சி என்று எழுதிக்கொண்டார். கமிட்டி அறிக்கையில் அந்த முப்பது கோழிகளை இல்லாதவையாகக் கருதலாம் என்று முடிவாயிற்று.

மதியம் ஆகிவிட்டது. வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று, ஷெட்டிலிருந்து இரண்டு கோழி அடிக்கட்டுமா என்று சுலோசனா கேட்டாள். மரியாதைக்குத்தான் கேட்டாள். இரண்டு அதிகாரிகளும் டெபுடியைப் பார்த்தார்கள். முரளி ஜீப்பின் டயரைப் பார்த்தான்.

"எதுக்கும்மா சிரமம்? ஏதாச்சும் கீரை இருந்தா போதும்" என்றார் கோபிகிருஷ்ணன்.

அவர்கள் கீரைச் சாதம் தின்பதைச் சுலோசனா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சந்தேகம் அன்றைக்குத் தீர்ந்துவிட்டது. இவர்களுக்குத் தெரியும்.

அதற்கு அடுத்த வாரம் கங்கையாவே ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மண்டலத்தில் இதுவரை சோதித்த தீவனங்களிலேயே மிக அதிகச் சத்து சுலோசனா கொடுத்த மாதிரியில்தான் இருந்ததாம். அதனால் மகா சத்து மில்லுக்கு விருது. மாதிரி கொடுத்த பயனாளி விவசாயி என்கிற முறையில் சுலோசனா மேடையேறி, கூடவே வைத்திருக்கும் தாளைப் படிக்க வேண்டும். விழாவின் மதிய விருந்துக்குத் தன் பண்ணையிலிருந்து முப்பது கோழிகள் அன்பளிப்பாகக் கொண்டுவர வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் ஊர் எஸ்.டி.டி. கடைக்குக் குவைத்திலிருந்து போன் வந்தது. பேட்ச் எப்படி என்று கோவர்த்தனன் கேட்டான். பாதிக்கு மேல் போய்விட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. விருது கொடுக்கிறார்கள் என்றாள். அவன் சந்தோஷப்பட்டான். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அந்தக் கடையிலேயே உட்கார்ந்திருந்தாள். கணவனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. அதிலும் பொய் என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

விழா ஒரு புதன்கிழமை, சந்திரகிரி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சித்தூர், புத்தூர், சத்தியவேடு, தடா வரை உள்ள பண்ணைக்காரர்கள் நூறு நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள். எல்லார் ஷெட்டிலும் மகா சத்து இருந்தது. எல்லார் கோழியும் கரும்பச்சையாகக் கழிந்துகொண்டிருந்தது. ஆனால் ஒவ்வொருவரும் தன் பண்ணையில் மட்டும்தான் ஏதோ தோஷம் என்று நினைத்து வெளியே சொல்லாமல் இருந்தார்கள். மில் முதலாளி விருதை வாங்கிக்கொண்டார். கோபிகிருஷ்ணன் பற்றாக்குறையைப் பற்றி மறுபடி பேசி மறுபடி கண் கலங்கினார். பிறகு சுலோசனாவைக் கூப்பிட்டார்கள். அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

"என் ஷெட்டுல மகா சத்து மூட்டைதான் அடுக்கி வெச்சிருக்குது. மிக உத்தமம்னு சார் எழுதிக் குடுத்துருக்காரு. இன்னிக்கி எலையில வெக்கிற கோழி எங்க ஷெட்டு கோழி. பெரியவங்க மொதல்ல துன்னுங்க, அப்புறம் நாங்க துன்றோம்."

அவள் சொன்னது ஒவ்வொன்றும் நிஜம். சமையல்கட்டில் வெந்துகொண்டிருந்தவை கமிட்டி இல்லாதவையாகக் கருதிய அந்த முப்பது என்பதை மட்டும் சொல்லவில்லை.

முதல் பந்தியில் அதிகாரிகளும் மில்காரர்களும் உட்கார்ந்தார்கள். பின்னால் நூற்றைம்பது பண்ணைக்காரர்கள் கை கட்டி நின்றார்கள். இலையில் பிரியாணி விழுந்தது, வாசனை மண்டபத்தை நிறைத்தது. கோபிகிருஷ்ணன் இன்றைக்குத் தன் ஜென்ம நட்சத்திரம், விரதம் என்றார். பக்கத்து அதிகாரிக்குப் பல்வலி. அதற்கடுத்தவர் ஐயப்பனுக்கு மாலை போடப் போவதாகவும் இன்று காலையிலிருந்தே மனதளவில் போட்டுக்கொண்டுவிட்டதாகவும் சொன்னார். மில் முதலாளிக்கு டாக்டர் கோழியைத் தொடக் கூடாது என்றிருந்தார். முரளி தயிர்ச் சாதம் இருக்கிறதா என்று பரிமாறுகிறவரிடம் மெதுவாகக் கேட்டான். மண்டபம் சத்தமில்லாமல் இருந்ததால் அது கடைசி வரிசை வரை கேட்டது.

பண்ணைக்காரர்கள் பலருக்கு ரிப்போர்ட் படிக்கத் தெரியாது. இலையைப் படிக்கத் தெரியும். சத்தியவேட்டுக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், "உன் கோழியும் கரும்பச்சையா போவுதா?" என்று கேட்டார். அவர் ஆமாம் என்றார். அந்தக் கேள்வி வரிசை வரிசையாகப் போயிற்று. சற்று நேரத்தில் ஒருவர் பின் ஒருவராக வெளியேறிப் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்கள். யாரும் சண்டை போடவில்லை, யாரும் சத்தம் போடவில்லை.

மண்டபம் காலியான பிறகு பத்மினி வந்து சுலோசனாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த முப்பதா அக்கா?"

"அதேதான். துன்னு" என்றாள் சுலோசனா. அவளுக்கும் நல்ல பசி. கங்கையாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். மூன்று பேரும் வயிறாரத் தின்றார்கள்.

மறுநாளிலிருந்து மில் வாசலில் மூட்டைகள் வந்து குவிந்தன. எந்தப் பேப்பரும் இல்லாமலே மாற்றிக் கொடுத்தார்கள். சுலோசனாவின் ஷெட்டுக்கும் முரளியே வந்து மகா சத்தை ஏற்றிக்கொண்டு போனான். மிச்சமிருந்த எண்ணூற்றுச் சில்லரைக் கோழிகளில் பாதி தேறின, பாதி நோஞ்சானாகவே நின்றுவிட்டன. தர நிலையமும் சும்மா இருக்கவில்லை. இரண்டு உத்தரவுகள் போட்டது. ஒன்று, இனி நிலையத்தின் விழாக்களில் சைவச் சாப்பாடு மட்டுமே பரிமாறப்படும். இரண்டு, படிவத்தில் இல்லாத 'அதிகம்' என்கிற வார்த்தையைப் பயன்படுத்திய குற்றத்துக்காகப் பத்மினி சூளூர்பேட்டைக் கிளைக்கு மாற்றப்படுகிறாள். சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டு நான்கு வருஷமாக அவள் எழுதிய மனுக்கள் எதற்கும் பதில் வந்ததில்லை. தண்டனையாகத்தான் அது கிடைத்தது. செப்புக்குடம் இன்னும் விசாரணையில் இருக்கிறது.

அடுத்த பேட்ச் குஞ்சுகளுக்குச் சுலோசனா சோளத்தையும் பிண்ணாக்கையும் தானே இடித்தாள். தாதுக்களைப் பத்மினி எழுதி அனுப்பிய அளவில், தராசு வைத்து, துளியாகச் சேர்த்தாள். முப்பதாம் நாள் ஒரு கோழியை அறுத்துப் பார்த்தாள். அரைவைப்பையின் மஞ்சள் தோல் நகத்துக்கு முழுசாக உரிந்து வந்தது. அன்று சாயங்காலம் போன் வந்தபோது, போன பேட்சில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கோவர்த்தனனிடம் சொன்னாள். நடுவில் லைன் அறுந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டு இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். கடைசியில் அவன் கேட்டான், இந்தப் பேட்ச் நிஜமாகவே நன்றாக இருக்கிறதா, நம்பி வரலாமா என்று.

"நம்பாத" என்றாள் சுலோசனா. "வந்து கண்ணால பாரு."